இரத்தப் பரிசோதனையும் புதுத் தீண்டாமையும்

தீண்டாமை என்பது ஊர்நாட்டுக் கிணற்றங்கரையோடும் கோயில் வாசலோடும் நின்றுபோன சங்கதி என்றும், கப்பலேறி வந்த அன்றே அதை நாம் கடலில் கொட்டிவிட்டோம் என்றும் பெருமை பேசுகிறவர்கள் நம்மவர்களில் ஏராளம். ஆயர் ஈத்தாம் என்ற மலாய்ப் பெயருக்கே கறுத்த தண்ணீர் என்பதுதான் பொருள். கறுத்த தண்ணீரைத் தாண்டினவனுக்குச் சாதி போய்விடும் என்று அந்தக் காலத்து வைதிகர்கள் பயமுறுத்தினார்கள். போயிருந்தால் நல்லதுதான். போகவில்லை என்பதோடு, பழைய தீண்டாமைக்குத் தம்பியாகப் புதியதொன்றும் நம் மத்தியில் வளர்ந்து நிற்கிறது என்பதே நாம் இன்று எழுத வந்த விஷயம்.

அன்பர்கள் தங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். ஆயர் ஈத்தாம் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடையிலே தட்டுக் கழுவுகிறவன் இருக்கிறான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் பஸ் ஏறிப்போய் இரவு ஷிப்டு பார்க்கிற பெண் இருக்கிறாள். முடிதிருத்தும் கடையில் கத்தரி பிடிக்கிறவன் இருக்கிறான். அக்கரையிலே செபராங் பிறை தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவன் இருக்கிறான். இவர்களில் ஒருவருடைய இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது என்ற செய்தி எவர் வாய் வழியாகவோ வெளியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் அந்த மனிதனுக்கு அந்த வேலை இருக்குமா? இருந்தாலும், அவன் தேத்தண்ணீர் குடித்த கோப்பையைத் தனியே எடுத்துக் கவிழ்த்து வைக்காத கடை எத்தனை? அவன் உட்கார்ந்த நாற்காலியில் உட்காருகிற கூட்டாளிகள் எத்தனை பேர்? தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடைகளில் ஒரு சாதியாருக்கென்று தனிக்குவளை வைத்திருந்த அக்கிரமத்தைப்பற்றி மேசையைத் தட்டிப் பேசுகிற நம்மவர், இந்தத் தனிக்கோப்பையைக் கண்டால், "அது வேறு, இது சுகாதாரம்" என்கிறார்கள். தனிக்குவளை வைத்தவனும் அதைத்தானே சொன்னான்! அவனும் சுத்தம், அசுத்தம் என்றுதான் காரணம் காட்டினான்.

சுகாதாரம் என்றால் சுகாதார நூல் என்ன சொல்கிறதென்று பார்க்க வேண்டாமா? எச்.ஐ.வி. கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போகிற வழிகள் சிலவே. பாதுகாப்பில்லாத உடலுறவு, ஒருவர் குத்தின ஊசியை இன்னொருவர் குத்திக்கொள்ளுதல், கிருமியுள்ள இரத்தத்தை ஏற்றுதல், சிகிச்சை பெறாத தாயிடமிருந்து கருவிலோ பிரசவத்திலோ பாலிலோ குழந்தைக்குச் செல்லுதல் என்பவையே அவை. கைகுலுக்கினால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. வியர்வையில் இல்லை, எச்சிலிலிருந்து தொற்றுவதில்லை, கொசு கொண்டுவருவதில்லை, ஒரே கக்கூசை உபயோகிப்பதால் வருவதில்லை. இவ்வளவும் 1980களின் பிற்பகுதியிலேயே உலகத்து வைத்தியர்கள் தீர்த்துச் சொன்ன சங்கதி. இந்நாட்டிலே உணவைக் கையாளுகிற ஒவ்வொருவரும் டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமென்று விதி உண்டு. அது நியாயமான விதி. ஏனெனில் டைபாய்டு சோற்றிலும் தண்ணீரிலும் போகிற வியாதி. அந்த ஊசிச் சீட்டைப் புதுப்பிக்க மறந்துவிட்டு, இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டுக் கடையின் முன்கதவைச் சாத்துகிற முதலாளிதான், தட்டுக் கழுவுகிறவனுக்கு எச்.ஐ.வி. என்றவுடன் சுகாதாரத்தின்மேல் பக்தி கொண்டு அவனை வெளியே தள்ளுகிறான் என்றால், அவன் அஞ்சுவது கிருமிக்கா, பேருக்கா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

நிற்க. இந்த வியாதி மலேசியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது 1986ஆம் வருஷத்தில். அதே 1986இல்தான் சென்னையிலும் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த மாணவி நிர்மலாவும் இந்தியாவில் இக்கிருமி இருப்பதை முதன்முதலாக வெளிப்படுத்தினார்கள். "நம் நாட்டில் அதெல்லாம் ஏது, அது வெள்ளைக்காரன் வியாதி" என்று சொல்லிக்கொண்டிருந்த பெரிய மனிதர்களின் வாயை இரண்டு பெண்கள் அடைத்தார்கள் என்பது நாம் மகிழ்ச்சியோடு நினைக்கத் தக்கது. இந்நாட்டில் அந்நாளில் பெரும்பாலும் அது பரவியது போதை ஊசியைப் பலர் பங்கிட்டுக் குத்திக்கொண்டதனால். புதிதாகக் கண்டவர்களின் கணக்கு 2002ஆம் வருஷத்தில் 6,978 என்று உச்சிக்குப் போயிற்று. அதன் பின்னரே சர்க்காருக்குக் கண் திறந்தது. 2005இல் போதைப் பழக்கத்தினின்றும் மீளுகிறவர்களுக்கு மெத்தடோன் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். 2006இல் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசி கொடுக்கும் ஏற்பாடு பரீட்சார்த்தமாக ஆரம்பமான சில இடங்களில் நம் பினாங்கும் ஒன்று. "ஊசியைக் கையிலேயே கொடுப்பதா, பாவிகளை வளர்ப்பதா" என்று அன்று கூச்சல் போட்டவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. ஊசி கொடுத்த பின்னர் ஊசியால் பரவுவது இறங்கியது. கூச்சல் போட்டவர்கள் அதைப்பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை.

அதே 2006 தொட்டு, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இந்நாட்டுப் பிரஜைகளுக்கு முதல்நிலை மருந்து இலவசமாகவே கிடைத்து வருகிறது. இன்று பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை அல்லது சில மாத்திரைகள், அவ்வளவுதான். ஒழுங்காக உட்கொள்கிறவர்களுடைய இரத்தத்தில் பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்குக் கிருமி ஒடுங்கிவிடுகிறது. அப்படி ஒடுங்கியவர் தம் மனைவிக்கோ கணவனுக்கோகூட அதைக் கொடுப்பதில்லை என்று 2011இல் வந்த ஆராய்ச்சி வழி காட்டியது. 2016இலும் 2019இலும் ஐரோப்பாவில் தம்பதிகளையும் ஜோடிகளையும் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சிகள், கிருமி ஒடுங்கின துணையிடமிருந்து ஒருவருக்கேனும் தொற்றியதாகக் காணவில்லை. தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதைத் தடுத்துவிட்ட நாடென்று மலேசியாவுக்கு 2018இல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தாட்சி கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு இதுவே. படுக்கையில் பக்கத்தில் கிடக்கிற துணைக்கே கொடுக்காத கிருமி, பத்தடி தூரத்தில் நின்று சர்க்யூட் பலகை கோர்க்கிற கூட்டாளிக்கு எப்படிப் போகும்? இதற்குப் பதில் சொல்லாமல் இனி ஒருவரும் "மற்றத் தொழிலாளர்களின் நன்மைக்காக" என்று பேசக்கூடாது.

வியாதியைச் சாக்காக வைத்து மனிதனை ஒதுக்குவது பினாங்குக்குப் புதிதல்ல. பாயான் லெப்பாஸுக்குப் போகிற வழியிலே கடலைப் பார்த்தால் தெரிகிற ஜெரெஜாக் தீவை அன்பர்கள் அறிவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருநோய் கண்டவர்களைக் கொண்டுபோய் அடைத்தது அந்தத் தீவில்தான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மேல்தளத்தில் மூட்டையோடு மூட்டையாய்க் கிடந்து வந்த நம் பாட்டன் பாட்டிமாரை இறக்கி, அம்மைக்கும் பேதிக்கும் பயந்து நாட்கணக்கில் காவலில் வைத்ததும் அந்தத் தீவில்தான். அப்போது கூலிக்காரத் தமிழன் என்றாலே வியாதியைச் சுமந்துகொண்டு வருகிறவன் என்பது துரைமார்களின் சித்தாந்தம். தோட்டத்து லயங்களில் தண்ணீரும் கக்கூசும் ஒழுங்காகக் கட்டித்தராமல், அங்கே வியாதி வந்தால் "இவர்கள் பழக்கம் அப்படி" என்று கிராணி எழுதிவைப்பார். அந்த எழுத்துக்கு ஆளான ஜனங்களின் பேரன் பேத்திகள் நாம். பெருநோய் எளிதில் தொற்றாதென்றும், மருந்துக்குக் கட்டுப்படுமென்றும் பின்னாளில் உலகம் அறிந்தது. ஆனால் அறியும் முன்னே தீவிலும் முகாமிலும் வாழ்ந்து செத்தவர்களுக்கு யார் என்ன ஈடு கொடுத்தார்கள்? இன்றோ நாம் அறிந்த பின்னும் ஒதுக்குகிறோம். இதில் அன்றைய துரையைவிட இன்றைய நம்மவர் குற்றம் பெரிது.

முதலாளிமார் சொல்லும் சமாதானங்களைச் சற்று எடுத்துப் பார்ப்போம். "எனக்கு ஒன்றுமில்லை அப்பா, வாடிக்கைக்காரர்கள் வரமாட்டார்கள்" என்பது முதலாவது. இதே வாதத்தைத் தென்னாப்பிரிக்காவின் விமானக் கம்பெனி ஒன்று அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் வரையில் கொண்டுபோயிற்று. ஹாப்மன் என்பவர் 1996இல் விமானப் பணியாளர் உத்தியோகத்துக்கு மனுப் போட்டு, எல்லாப் பரீட்சைகளிலும் தேறி, கடைசியில் இரத்தத்தில் கிருமி இருக்கிறதென்று தள்ளப்பட்டார். பிரயாணிகளின் மனோபாவம், போட்டிக் கம்பெனிகளின் வியாபாரம் என்றெல்லாம் கம்பெனி சொல்லிற்று. 2000ஆம் வருஷம் செப்டம்பரில் நீதிமன்றம், ஜனங்களுடைய தப்பெண்ணத்துக்கு நியாயஸ்தலம் துணைபோகாது என்று தள்ளி, அவரை அந்த உத்தியோகத்திலேயே எடுத்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. கறுப்பனுக்கு அருகே உட்காரமாட்டோம் என்று வெள்ளைக்காரன் சொன்னதைக் கேட்டு வளர்ந்த நாடல்லவா அது. வாடிக்கைக்காரன் பேச்சு எங்கே கொண்டுபோய் விடுமென்று அந்த நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் தெரியவேண்டும். பறையன் சமைத்தால் சாப்பிடமாட்டோம் என்று வாடிக்கைக்காரர்கள் சொன்ன காலத்தில், சரி என்று தலையாட்டின ஹோட்டல்காரனை நாம் என்னவென்று ஏசினோம்?

இரண்டாவது, "வெட்டுக்காயம் பட்டால், இரத்தம் சிந்தினால்?" என்பது. இது கேட்கத் தகுந்த கேள்விதான். கேட்டுவிட்டு வைத்தியரின் பதிலையும் கேட்க வேண்டும். கிருமியுள்ள இரத்தம் பட்ட ஊசி ஆழமாகக் குத்திவிட்டால்கூட, ஆயிரம் குத்தில் ஏறத்தாழ மூன்றில்தான் தொற்றும் என்பது மருந்தில்லாத நாளில் எடுத்த கணக்கு. அப்படி நேர்ந்தவருக்கும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து ஆரம்பிக்க வழியுண்டு. இரத்தம் சிந்தினால் கையுறை போட்டுத் துடைப்பதும், சவரத்துக்குத் தலைக்கொரு புது பிளேடு மாற்றுவதும் எல்லா இடத்திலும் எல்லாருக்கும் எப்போதும் செய்ய வேண்டிய காரியம். ஏனென்றால் யாருடைய இரத்தத்தில் என்ன இருக்கிறதென்று எவருக்கும் முகத்தில் எழுதியிருப்பதில்லை; கல்லீரலைத் தின்னும் கிருமிகள் இதைவிடச் சுலபமாகத் தொற்றுவன. ஒரு தொழிலாளியை விரட்டிவிட்டு, பிளேடை மாற்றாமல் இருக்கிற கடைதான் ஆபத்தான கடை.

மூன்றாவது சமாதானம், அவன் அடிக்கடி லீவு எடுப்பான், ஆஸ்பத்திரிச் செலவு வரும் என்பது. மருந்து சர்க்கார் கொடுக்கிறது. சோதனைக்குப் போவது வருஷத்தில் சில நாட்கள். சர்க்கரை வியாதிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் இதைவிட அதிக நாள் லீவு எடுக்கிற மானேஜர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களை எவரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. உண்மையில் சொல்லப்போனால், வேலையைப் பிடுங்குவதுதான் வியாதியை வளர்ப்பது. வேலை போனவனுக்குப் பஸ் கட்டணமில்லை, மருந்து தடைப்படுகிறது, ஒடுங்கிக் கிடந்த கிருமி தலை தூக்குகிறது. வேலை போகுமென்ற பயத்தில் எத்தனையோ பேர் பரிசோதனைக்கே போவதில்லை. தெரியாமலிருக்கிறவனிடமிருந்துதான் பரவுகிறது. ஊரைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு ஊருக்கு நெருப்பு வைக்கிற வேலை இது.

இனி, இவை ஒன்றுக்கும் பதில் இல்லாதபோது கடைசியாக வெளிவருகிறது பாருங்கள், அதுதான் உண்மையான காரணம்: "கெட்ட நடத்தையால்தானே வந்தது? கர்ம வினையை அனுபவிக்கட்டும்!" இதைச் சொல்கிறவர்களில் பக்திமான்களும் உண்டு, பகுத்தறிவு பேசுகிறவர்களும் உண்டு என்பது நமக்கு வெட்கமாயிருக்கிறது. பிறப்பிலே கிடைத்த இழிவுக்கு முன்ஜென்ம வினையைக் காரணம் காட்டினவர்களை எதிர்த்தல்லவா நம் இயக்கம் எழுந்தது? 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. பினாங்குத் துறையில் வந்திறங்கியபோது நம்மவர்கள் திரண்டுபோய்க் கேட்டது அந்த வினைக்கோட்பாட்டின்மேல் விழுந்த அடியையல்லவா? அவரை மாலை போட்டு வரவேற்ற ஊரிலே, கிருமிக்கும் வினைக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நடத்தை என்கிறார்களே, தாலிகட்டின புருஷனிடமிருந்து கிருமியைப் பெற்ற மனைவிமாரின் நடத்தையில் என்ன குறை கண்டார்கள்? நாமக்கல் பக்கத்துக் கௌசல்யா அப்படிப் பெற்றவர். லாரி ஓட்டின கணவர் இறந்துபோக, இளம் வயதிலேயே விதவையானவர். ஓட்டுக்குள் நத்தையாய் ஒடுங்காமல் 1998இல் தம்மையொத்த பெண்களைச் சேர்த்துச் சென்னையில் ஓர் அமைப்பை ஏற்படுத்தி, முகத்தை மறைக்காமல் மேடையில் பேசினார். நம் நாட்டுப் பட்டணங்களிலும் தோட்டங்களிலும் அவரைப்போன்ற பெண்கள் இல்லையென்று எவரும் நினைக்கவேண்டாம். புருஷன் போன பிறகு பிள்ளைகளைக் காப்பாற்ற அவள் பாக்டரி வாசலில் நிற்கும்போது, "இரத்தப் பரிசோதனைச் சீட்டு எங்கே?" என்று கேட்கிறது ஒழுக்கம்! ஆனாலும் இந்த வாதத்தில் நாம் அதிக தூரம் போகமாட்டோம். குற்றமற்றவள், குற்றமுள்ளவன் என்று பிரித்து, குற்றமற்றவளுக்கு மட்டும் இரக்கம் காட்டுவது வேறொரு சாதிப் பிரிவினையாகும். ஊசி குத்திக்கொண்டவனாயிருக்கட்டும், ஆணோடு ஆண் சேர்ந்து வாழ்கிறவனாயிருக்கட்டும், உடலை விற்றுப் பிழைக்கிறவளாயிருக்கட்டும். உழைக்கிற கைக்கு உரிய வேலையையும் கூலியையும் பறிக்க எவனுக்கும் பாத்தியதை கிடையாது. முதலாளி வாங்குவது உழைப்பை. தொழிலாளியின் இரத்தத்தையோ படுக்கையறையையோ அவன் விலைக்கு வாங்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். இங்கே நாம் சந்தோஷப்படும்படி அதிகமில்லை. 2001ஆம் வருஷத்தில் மனிதவள அமைச்சின் கீழுள்ள தொழிலியல் பாதுகாப்பு, சுகாதார இலாகா வேலைத்தலங்களில் எச்.ஐ.வி. விஷயமாக ஒரு நடைமுறை விதித்தொகுப்பை வெளியிட்டது. பாகுபாடு காட்டாதே, ரகசியத்தைக் காப்பாற்று என்று அதில் நல்ல வார்த்தைகள் இருக்கின்றன. ஆனால் விருப்பமுள்ள முதலாளி பின்பற்றலாம், விருப்பமில்லாதவன் அலமாரியில் வைத்துப் பூட்டலாம். அரசியல் சட்டத்தின் 8ஆம் விதி மதம், இனம், வம்சம், பிறந்த இடம், ஆண் பெண் என்ற பேதம் ஆகியவற்றால் பாகுபாடு கூடாதென்கிறது. வியாதி அந்தப் பட்டியலில் இல்லை. மேலும் அது தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம், கர்ப்பமானதற்காக வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருவருடைய வழக்கில் சொல்லிவிட்டது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 69எப் என்ற புதிய பிரிவு அமலுக்கு வந்திருக்கிறது. வேலையில் பாகுபாடு பற்றித் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் உண்டாகும் தகராறைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை அதிகாரி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம். உத்தரவுக்குக் கீழ்ப்படியாத முதலாளிக்கு 50,000 வெள்ளி வரையில் அபராதம் போடலாம். இது நல்ல கதவு. ஆனால் பாகுபாடு என்றால் என்னவென்று சட்டத்தில் எங்கும் சொல்லவில்லை. அன்றியும் பிரிவு பேசுவது வேலையிலிருக்கிற தொழிலாளியைப்பற்றி. வாசலில் நின்று வேலை கேட்கிறவனை இரத்தச் சீட்டைப் பார்த்துத் திருப்பியனுப்பினால் அவன் எந்தக் கதவைத் தட்டுவது?

இந்தியாவிலே 1997இல் பம்பாய் ஹைகோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. பொதுத்துறைக் கம்பெனி ஒன்றில் தினக்கூலியாய் இருந்த ஒருவரை, நிரந்தரமாக்கும் சமயத்தில் இரத்தத்தைச் சோதித்து, கிருமி கண்டு, தினக்கூலிப் பட்டியலிலிருந்தும் அடித்துவிட்டார்கள். அவருடைய பேர் வெளியே வந்தால் அவர் வாழ முடியாதென்று நீதிமன்றமே இரண்டு எழுத்துக்களால் அவரைக் குறிப்பிட அனுமதித்தது. வேலை செய்யச் சக்தியுள்ளவர், மற்றவர்களுக்கு ஆபத்தில்லாதவர், அவரைக் கிருமி ஒன்றைக் காரணம் காட்டித் தள்ளுவது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. இருபது வருஷம் கழித்து 2017இல் இந்தியப் பார்லிமெண்டு இதற்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்றியது. 2018 செப்டம்பர் 10இல் அமலாயிற்று. வேலைக்கு எடுப்பதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்கக்கூடாது, ஒருவருடைய நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக்கூடாது, நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள ஸ்தாபனத்தில் புகார் கேட்க ஓர் அதிகாரி வேண்டும் என்று அது விதிக்கிறது. எழுதின சட்டமெல்லாம் அங்கே நடக்கிறதா என்பது வேறு கேள்வி. அங்கே எழுதவாவது செய்தார்கள். இங்கே எழுதுவதற்குக்கூட நம் பிரதிநிதிகளுக்கு மனம் வரவில்லை.

இனி, எவரும் பேச விரும்பாத ஒரு விஷயத்துக்கு வருகிறோம். பினாங்கிலே நாசி கண்டார் கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் பாக்டரிகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்ய வருகிற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு, 1997 முதல் நடந்துவரும் வைத்தியப் பரிசோதனை ஏற்பாட்டின்படி இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அதிலே எச்.ஐ.வி. கண்டால் தகுதியற்றவன் என்று முத்திரை குத்தி ஊருக்குத் திருப்பிவிடுவதே விதி. தமிழ்நாட்டுத் தம்பியாயினும் நேப்பாளத்துக்காரனாயினும் வங்காளதேசத்தவனாயினும் ஒன்றே. பெரிய சம்பளத்தில் வருகிற உத்தியோகஸ்தர்களுக்கு இந்த ஏற்பாடு கிடையாது. கிருமி சம்பளத்தைப் பார்த்துத்தான் தொற்றும் போலும்! நம் பாட்டன்மாரை ஜெரெஜாக் தீவில் இறக்கின கையும் இந்தக் கையும் ஒரே கையாக நமக்குத் தோன்றுகிறது. கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவன் ஊருக்கு என்ன முகத்தோடு போவான்? என்ன வியாதியால் திரும்பினான் என்று தெருவே கேட்குமே!

இதன் கொடுமை இன்னதென்று அறிய வேண்டியவர்கள் விருதுநகர் மாவட்டத்தில் 2018 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். ஓர் இளைஞர் உறவினருக்காகச் சர்க்கார் இரத்த வங்கியில் இரத்தம் கொடுத்திருந்தார். பின்னர் வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காகச் செய்த வைத்தியப் பரிசோதனையில் தமக்குக் கிருமி இருப்பதை அறிந்தார். அறிந்ததும் ஓடிப்போய் ஒளியவில்லை. தாமே இரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் அந்த இரத்தம் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றப்பட்டாய்விட்டது. சோதிக்காமல் ஏற்றின குற்றம் ஸ்தாபனத்துடையது. உண்மையைச் சொன்னவர் அவர். ஆயினும் அந்த மாதம் முடிவதற்குள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வாலிபனுக்கு அன்று வேண்டியிருந்தது ஒரு மாத்திரையும், "வா, வேலைக்குப் போகலாம்" என்று சொல்ல ஒரு மனிதனும். மாத்திரை சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகவே இருந்தது.

இரத்தத்தைப் பார்க்கவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. எல்லாரும் பார்த்துக்கொள்வது நல்லது; விரைவாகப் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. ஆனால் சிகிச்சைக்காகப் பார்ப்பது வேறு, துரத்துவதற்காகப் பார்ப்பது வேறு. பார்த்த சங்கதியைப் பூட்டிவைக்கவும் தெரிய வேண்டும். நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போகிற சிங்கப்பூரிலே, எச்.ஐ.வி. உள்ளவர்களின் பதிவேட்டிலிருந்து 14,200 பேருடைய பேரும் விலாசமும் வெளியே கசிந்தன என்று 2019 ஜனவரியில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சே ஒப்புக்கொண்டது. அவர்களில் 8,800 பேர் வெளிநாட்டவர். அவ்வளவு கட்டுக்காவலுள்ள சர்க்காரின் பெட்டியே திறந்துகொள்ளுமானால், நம் தோட்டத்து டிரஸ்ஸரின் மேசை இழுப்பறையையும் பாக்டரி ஆபீஸ் குமாஸ்தாவின் நாக்கையும் எவ்வளவு நம்பலாம்?

நம் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பள உயர்வுக்கும் போனஸுக்கும் ஒப்பந்தம் பேச உட்காருகிறீர்களே, அந்த ஒப்பந்தத்தில் எச்.ஐ.வி. காரணமாக எவரையும் நீக்கக்கூடாது, எவருடைய இரத்தத்தையும் வேலைக்கு நிபந்தனையாகக் கேட்கக்கூடாது என்று இரண்டு வரி சேர்க்க முதலாளியிடம் கேட்டதுண்டா? அதற்குப் பார்லிமெண்டு கூட வேண்டியதில்லை. சட்டம் வருகிற வரையில் காத்திருக்க வேண்டியதுமில்லை. கோயில் கமிட்டியார்களுக்கும் வாலிபர் மன்றத்தாருக்கும் ஒரு வார்த்தை: அன்னதானப் பந்தியிலே சமைக்கவும் பரிமாறவும் வருகிறவர்களில் ஒருவரைப்பற்றி இப்படியொரு பேச்சு எழும்போது, அவரை நீக்குவதற்குப் பதிலாகப் பேச்சை எழுப்பினவரை நீக்கிப் பாருங்கள்.

தொழிலாளத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இப்படிப்பட்ட சமயங்களில் முதலாளிகள் பெரும்பாலும் "நீக்கினோம்" என்று எழுதிக் கொடுப்பதில்லை. தனியறைக்குக் கூப்பிட்டு, உன் நன்மைக்குத்தான், வெளியே தெரிந்தால் உனக்குத்தான் அவமானம், ராஜிநாமாக் கடிதத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடு, இந்த மாதச் சம்பளத்தோடு இன்னும் ஒரு மாதச் சம்பளம் வாங்கிக்கொள் என்று இனிமையாகப் பேசுவார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டவர், 1967ஆம் வருஷத்துத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, நீக்கிய தேதியிலிருந்து 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனுக் கொடுத்து, வேலையைத் திருப்பித் தரும்படி கேட்கலாம். பயமுறுத்தி ராஜிநாமா வாங்கினாலும் கேட்கலாம். ஆனால் அப்போது பயமுறுத்தினதை மெய்ப்பிக்கும் பாரம் உங்கள் தலைமேல் விழும். அறுபத்தோராவது நாள் போனால் மனு எடுபடாது. தேதியைக் குறித்து வையுங்கள்; அறையில் யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள். உங்கள் வியாதியைப்பற்றி மானேஜர் கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டுமென்ற கட்டாயம் ஒன்றுமில்லை. சங்கத்துக்காரரை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, பேனாவை அந்த மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து வரலாம்.